ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறீர்களா? எங்கள் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் 15 அன்று விசைப்படகுகள் கரையில் கட்டப்பட்டால் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் பிளஸ் டூ ரிசல்ட்டும் கல்லூரி விண்ணப்பமும் கையில் காசில்லாத நாட்களும் ஒன்றாக வந்து நிற்பது அப்போதுதான். நான் இந்தக் கரையில் பிறந்து, பி.ஏ., எம்.ஏ. ஆங்கிலம் படித்து, இப்போது அதையே சொல்லித் தருகிறவள். ஒவ்வொரு மே மாதமும் திண்ணையிலும் பஸ்ஸிலும் மீன் மார்க்கெட்டிலும் இதே கேள்விகள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

"இதைப் படிச்சா இங்கிலீஷ் சரளமா பேச வந்துடுமா டீச்சர்?"

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதனால் முதலில் வைத்தேன். தானாக வராது. தமிழ் இலக்கியம் படித்தவர் எல்லாரும் பட்டிமன்றப் பேச்சாளர் ஆகிவிடுகிறார்களா என்ன? மூன்று வருஷத்தில் வாசிப்பும் எழுத்தும் நிச்சயம் தேறும். பேச்சு தனிப் பழக்கம். வகுப்பில் எழுந்து தப்பாகப் பேசி, நாலு பேர் சிரித்து, அதற்கு அப்புறமும் பேசினால்தான் வரும்.

ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையில் சங்கும் பாசிமணியும் விற்கிற அக்காக்களைப் பாருங்கள். இந்தியில் விலை சொல்லி, தெலுங்கில் பேரம் பேசி முடிக்கிறார்கள். அவர்கள் அந்த மொழிகளின் இலக்கியத்தைப் படித்துவிட்டா பேசுகிறார்கள்? பேச்சு மட்டும்தான் வேண்டும் என்றால் அதற்கு மூன்று வருஷமும் ஒரு பட்டமும் தேவையில்லை.

"அப்போ மூணு வருஷம் என்னதான் படிப்பீங்க?"

பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். பொதுவாகப் பதினான்காம் நூற்றாண்டுச் சாசரில் தொடங்கி ஷேக்ஸ்பியர், மில்டன், வேர்ட்ஸ்வொர்த், டிக்கன்ஸ் என்று இந்தக் காலம் வரை வரும் பிரிட்டிஷ் இலக்கியம் உண்டு. அதோடு அமெரிக்க, இந்திய, ஆப்பிரிக்க எழுத்துகள். ஆங்கில மொழியின் வரலாறு, ஒலியியல், இலக்கணம், இலக்கிய விமர்சனம் எல்லாம் தனித்தனித் தாள்கள். பேரைப் பார்த்தால் பயமாக இருக்கும். உள்ளே நடப்பது என்ன என்று ஒரே ஒரு நாடகத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஜே.எம். சிங் (சர்தார்ஜி இல்லை, அயர்லாந்துக்காரர்) எழுதிய 'ரைடர்ஸ் டு த ஸீ' 1904-ல் மேடையேறிய சின்ன நாடகம். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு தீவு. மாமனார், புருஷன், பிள்ளைகள் என்று வீட்டு ஆண்களை ஒவ்வொருவராகக் கடலுக்குக் கொடுத்த ஒரு கிழவி. காணாமல் போன மகன் ஒருவனின் துணியாக இருக்குமோ என்று, வடக்கே கரை ஒதுங்கிய உடலிலிருந்து எடுத்த ஒரு மூட்டை வருகிறது. தாய்க்குத் தெரியாமல் இரண்டு மகள்களும் அதைப் பிரிக்கிறார்கள். சட்டையை வைத்து உறுதி சொல்ல முடியவில்லை. அடுத்து ஒரு காலுறை. இளையவள் தன் கையால் பின்னியது. பின்னலின் கண்ணிகளை எண்ணுகிறாள். அறுபது கண்ணி போட்டு அதில் நாலை விட்டுவிட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அண்ணன்தான்.

இதை நடத்தியபோது கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண், "எங்கம்மாவும் அப்படித்தான் மேடம், முடிச்சப் பாத்தே இது அப்பா தச்ச வலைன்னு சொல்லிரும்" என்றாள். அதற்கப்புறம் வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தப் பக்கம் எத்தனையோ. ஆனால் பாடம் அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. ஒப்பாரி வைக்க வேண்டிய இடத்தில் எழுத்தாளர் ஏன் ஒரு கணக்கை வைத்தார்? பின்னும்போது விட்டுப்போன நாலு கண்ணி, அந்தத் தப்பு, ஏன் அடையாளம் ஆகிறது? கடல் மேடைக்கு வருவதே இல்லை, பின் எப்படி அது நம் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது? கதை என்ன என்பதைத் தாண்டி, அது எப்படி நம்மை அப்படி ஆக்கியது என்று நாடகத்தின் வரிகளிலிருந்தே எடுத்துக் காட்டுவதுதான் இந்தப் படிப்பு.

"எல்லாக் குரூப்புக்கும் இங்கிலீஷ் பாடம் இருக்கே, மேஜர் இங்கிலீஷ்னா என்ன வித்தியாசம்?"

பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம் என்பது பி.காம், பி.எஸ்சி. எல்லாருக்கும் பொதுவான மொழிப்பாடம். மேஜர் என்பது பகுதி மூன்று. அதில்தான் மேலே சொன்னதெல்லாம் வரும். பகுதி இரண்டில் நன்றாக மார்க் வாங்குபவருக்கு மேஜர் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

"நான் பன்னெண்டு வரைக்கும் தமிழ் மீடியம். தாக்குப் பிடிப்பேனா அக்கா?"

நானும் தமிழ் மீடியம்தான். முதல் செமஸ்டரில் இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றைப் படித்து முடிக்க மூன்று சாயங்காலம் ஆனது. அகராதியில் பார்த்து வரிக்கு மேலே பென்சிலால் அர்த்தம் எழுதி எழுதிப் பக்கமே கறுத்துப் போனது. இரண்டாம் வருஷம் பென்சில் குறைந்தது. முதல் ஆறு மாதம் கஷ்டம் என்று தெரிந்தே வாருங்கள், பாதியில் ஓட மாட்டீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஷேக்ஸ்பியர் இறந்தது 1616-ல். அவருடைய ஆங்கிலம் லண்டனில் பிறந்த பிள்ளைக்கும் உரை இல்லாமல் ஓடாது. நமக்கு 'நாற்றம்' என்றால் இன்று மூக்கைப் பிடிக்கிறோம், பழைய பாட்டில் அது நறுமணம். ஆங்கிலத்தில் 'நைஸ்' என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் 'முட்டாள்' என்று பொருள். பழைய புத்தகத்துக்கு முன்னால் இங்கிலீஷ் மீடியம், தமிழ் மீடியம் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே படியில்தான் நிற்கிறார்கள். கான்வென்ட்டில் படித்த சிலர் 'எனக்குத்தான் தெரியுமே' என்று அகராதியைத் திறக்காமலே விட்டு அங்கேயே சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

"ஃபொனெட்டிக்ஸ்ல எல்லாரும் அரியர் வைப்பாங்களாமே?"

ஒலியியல் தாளில் குறியீடுகளை மனப்பாடம் செய்கிறவர்கள் வைப்பார்கள். பாடப்புத்தகத்தில் வரும் பிரிட்டிஷ் உச்சரிப்பில் 44 ஒலிகள், 20 உயிர், 24 மெய். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. இதைக் காதால் படிக்க வேண்டும்.

இப்படிச் செய்து பாருங்கள். தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'பாம்பன்' என்று மெதுவாகச் சொல்லுங்கள். எழுத்தில் இரண்டும் ஒரே 'ப'. இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகிறது. ஆனால் இரண்டாவது 'ப'வில் தொண்டை அதிர்கிறது. அது மெல்லெழுத்து 'ம்'முக்குப் பின்னால் வருவதால் அப்படி. தமிழில் இடத்தைப் பார்த்தே ஒலி தெரிந்துவிடும் என்பதால் ஓரெழுத்து போதும். ஆங்கிலத்தில் இந்த அதிர்வு ஒன்றே சொல்லின் பொருளை மாற்றிவிடும் என்பதால் p, b என்று இரண்டு எழுத்து. இது புரிந்துவிட்டால் பாதித் தாள் முடிந்தது. நாக்கு எங்கே படுகிறது, உதடு எப்படிக் குவிகிறது என்பதையெல்லாம் தொல்காப்பியம் பிறப்பியலில் எப்போதோ சொல்லிவிட்டது. தமிழ் வகுப்பில் தூங்காமல் இருந்திருந்தால் இங்கே கை கொடுக்கும்.

"தமிழ்ல படிச்ச அணி, யாப்பு இதெல்லாம் இங்க உதவுமா?"

உதவும். உவமை, உருவகம், ஆகுபெயர் எல்லாம் அங்கேயும் உண்டு, பேர் மட்டும் வேறு. 'ஊரே திரண்டு வந்தது' என்பதில் ஊர் என்பது ஊர்க்காரர்களுக்கு ஆகிவந்தது என்று தெரிந்தவருக்கு மெட்டானிமி ஐந்து நிமிஷ வேலை. யாப்பு மட்டும் வேறு அடித்தளம். நமக்குக் குறில், நெடில் வைத்து நேர், நிரை என்று அசை. ஆங்கிலத்தில் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பதுதான் கணக்கு. ஷேக்ஸ்பியரின் வரியைக் கையால் தட்டிப் படித்தால் ஐந்து அழுத்தம் விழும். தட்டாமல் கண்ணால் மட்டும் படித்தால் விளங்காது.

"கைடு வாங்கிப் படிச்சா பாஸ் ஆயிடலாம்ல?"

ஆகலாம். பொய் சொல்ல மாட்டேன். பரீட்சைக்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் கடையில் கைடு நோட்ஸ் சுடச்சுட விற்கும், அதை எழுதியே முதல் வகுப்பு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் காலுறை நாடகத்தைக் கைடில் படித்தால் 'காணாமல் போன மகனின் உடை அடையாளம் காணப்படுகிறது' என்று ஒரு வரி இருக்கும். அறுபதும் இருக்காது, நாலும் இருக்காது. அதை விட்டால் அந்த நாடகத்தில் நமக்கு என்ன மிச்சம்? நாளைக்கு ஓர் இன்டர்வியூவில் "நீங்கள் படித்ததில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றால் சொல்ல ஒன்றும் இருக்காது.

"ஒரு கவிதைக்கு இதுதான் அர்த்தம்னு யார் சொன்னது? அவங்கவங்க கருத்துதானே?"

நல்ல கேள்வி. கேட்டவன் கொஞ்சம் வம்புக்காகத்தான் கேட்டான், இருந்தாலும் நல்ல கேள்வி. ஒரே அர்த்தம்தான் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எதையும் சொல்லலாம் என்பதும் கிடையாது. வலையில் எத்தனை கண் வேண்டுமானாலும் இருக்கலாம், நூல் இருக்க வேண்டுமே.

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் இரண்டு பாதைக் கவிதை, 'த ரோட் நாட் டேக்கன்', பலருக்குத் தெரியும். 'யாரும் போகாத வழியில் போனேன், ஜெயித்தேன்' என்று பேச்சுப் போட்டியில் முழங்குவார்கள். கவிதையை எடுத்துப் படியுங்கள். நடந்த தடம் இரண்டு பாதையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று அவரே நடுவில் சொல்கிறார். பல காலம் கழித்துப் பெருமூச்சோடு 'ஆள் நடமாட்டம் குறைந்த வழியை எடுத்தேன்' என்று தான் சொல்லப்போவதாகவும் சொல்கிறார். அப்படியானால் இது தைரியத்தின் பாட்டா, நடந்ததைப் பின்னால் அழகாக்கிச் சொல்லும் மனிதப் பழக்கத்தைப் பற்றிய பாட்டா? இரண்டு பக்கமும் வாதாடலாம். ஆனால் அந்த நடு வரியைக் கண்டும் காணாத மாதிரி யாரும் வாதாட முடியாது. கருத்துக்கும் வாசிப்புக்கும் அந்த இடத்தில்தான் வித்தியாசம்.

கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற ஆசிரியர் கவிஞர் பேரை மறைத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். என்னவெல்லாம் தவறாகப் படித்தார்கள் என்பதை 1929-ல் புத்தகமாகவே போட்டார். பேர் தெரியாவிட்டால் கெட்டிக்காரர்களும் தடுமாறுவார்கள். எங்கள் வகுப்பிலும் வருஷத்துக்கு ஒரு தடவை அந்த விளையாட்டு உண்டு.

"வெள்ளைக்காரன் போயாச்சு. அவன் கதையை நாம ஏன் இன்னும் படிக்கணும்?"

முதலில் அந்தக் கதை எப்படி இங்கே வந்தது என்று பார்க்க வேண்டும். 1835-ல் மெக்காலே எழுதிய கல்விக் குறிப்புக்குப் பிறகு ஆங்கிலக் கல்வி இங்கே அரசாங்கக் கொள்கை ஆனது. ரத்தத்திலும் நிறத்திலும் இந்தியர், ரசனையிலும் கருத்திலும் ஆங்கிலேயர் என்று ஒரு கூட்டத்தை உண்டாக்குவதுதான் நோக்கம் என்று ஒளிக்காமல் எழுதிவைத்தார். வேடிக்கை என்னவென்றால், ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில இலக்கியம் தனிப் பட்டப்படிப்பாக வந்ததே 1890-களில்தான். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நம் பிள்ளைகள் இங்கே மில்டனை உருப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த வரலாறும் பாடத்துக்குள்ளேயே இருக்கிறது. கென்யாவின் கூகி வா தியாங்கோ 1968-ல் இரண்டு சக ஆசிரியர்களோடு சேர்ந்து, நைரோபி பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறையையே கலைத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைக்க வேண்டும் என்று எழுதினார். பின்னாளில் தன் தாய்மொழியான கிகுயுவிலேயே நாவல் எழுதப் போனார். நைஜீரியாவின் சினுவா அச்செபே ஆங்கிலத்தை விடவில்லை, அதை வளைத்துத் தன் ஊர்ப் பழமொழிகளைப் பேச வைத்தார். யார் சரி என்று பரீட்சையிலேயே கேள்வி வரும். நீங்கள் கேட்டதைத்தான் பதினைந்து மார்க்குக்கு எழுதச் சொல்கிறார்கள்.

"இங்கிலீஷ் படிச்சா தமிழ் போயிடாதா?"

எனக்குத் தமிழ் திரும்பக் கிடைத்ததே அங்கேதான். ஏ.கே. ராமானுஜன் மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தவர். அவர் குறுந்தொகைப் பாடல்களை மொழிபெயர்த்து 1967-ல் வெளியிட்ட புத்தகத்தின் வழியாகத்தான் உலகத்தில் பல பேருக்கு 'செம்புலப் பெயல் நீர்' போய்ச் சேர்ந்தது. அந்த மொழிபெயர்ப்பை வகுப்பில் படித்துவிட்டு மூலத்தைத் தேடிப் போனேன். நெய்தல் என்று பள்ளியில் மார்க்குக்காகப் படித்தது என் வீட்டு வாசல் என்று அப்போதுதான் உறைத்தது.

சின்னப் பயிற்சி ஒன்று. 'கச்சான் காற்று அடிக்குது' என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். மேற்குக் காற்று என்று எழுதினால் திசை வரும். அதைக் கேட்டதும் நம் வீட்டு ஆண்களின் முகத்தில் ஓடுகிற கணக்கு வராது. அதை எப்படிக் கொண்டு வருவது என்று மல்லுக்கட்டினால் இரண்டு மொழியும் வளரும். போன சொல் திரும்பி வரும் கதையும் உண்டு. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. இன்று அந்தச் சொல்லுக்கு இரட்டை உடல் கொண்ட படகு என்று பொருள். நம் கட்டுமரத்துக்கும் அதற்கும் ஒட்டே இல்லை.

"அம்மா, கடைசியில வேலை கிடைக்குமா? அதை மட்டும் சொல்லுங்க."

இது ஓர் அப்பா கேட்டது. தடைக்காலத்தில் வலையைத் தைத்தபடியே கேட்டார். அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். இந்தப் பட்டத்தைக் காட்டினதும் யாரும் வேலை தர மாட்டார்கள். அடுத்த படி ஒன்று வேண்டும். பள்ளி ஆசிரியர் என்றால் இரண்டு வருஷம் பி.எட்., அப்புறம் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாம் தாள். மேல்நிலை வகுப்பு என்றால் எம்.ஏ.வும் பி.எட்.டும், ஆசிரியர் தேர்வு வாரியத்தின் டி.ஆர்.பி. தேர்வும். அரசு வேலை என்றால் டி.என்.பி.எஸ்.சி. அதில் தமிழில் குறைந்தபட்ச மதிப்பெண் வாங்காமல் தேற முடியாது, ஆகவே முந்தின கேள்வியின் பதிலை இன்னொரு முறை படியுங்கள். மொழிபெயர்ப்பு, பதிப்பகம், பத்திரிகை, வங்கித் தேர்வு, கம்பெனிகளில் எழுத்து வேலை எல்லாம் உண்டு, ஆனால் பெரும்பாலும் மதுரை, சென்னை என்று போக வேண்டியிருக்கும்.

செலவைப் பற்றியும் கேட்டார். அரசுக் கல்லூரி என்றால் கட்டணம் தாங்கும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் ஆகும்.

"லாத்தா, நாளைக்கு துபாய் போனா இந்தப் படிப்பு உதவுமா?"

கீழக்கரைப் பெண் கேட்டது. அலுவலக வேலைக்கும் பள்ளி வேலைக்கும் உதவும், பி.எட். சேர்ந்தால் இன்னும் நல்லது. அங்கே பேச்சு ஆங்கிலம் அவசியம், முதல் கேள்வியின் பதில் அதற்கும் பொருந்தும். உங்களுக்கு இன்னொரு சொத்து இருக்கிறது. வீட்டில் பெரியவர்களிடம் அரபுத் தமிழ் ஏடு இருக்கிறதா என்று பாருங்கள். அரபி எழுத்தில் தமிழை எழுத, அரபியில் இல்லாத ஒலிகளுக்குப் புதுக்குறி சேர்த்திருப்பார்கள். 'பாம்பன்' கதையின் மறுபக்கம் அது. மொழியியலில் ஆய்வு செய்ய உங்கள் வீட்டுப் பரணே போதும்.

"செல்போனே எல்லாத்தையும் எழுதி, மொழிபெயர்த்துத் தருதே. இனிமே எதுக்கு?"

தருகிறது, நன்றாகவே தருகிறது. நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 'மச்சான் கடலுக்குப் போயிருக்காரு' என்று ஒருத்தி சொல்கிறாள். புருஷனா, அக்கா புருஷனா, அத்தை மகனா? யார், யாரிடம், எந்தத் தொனியில் சொன்னாள் என்று பார்க்காமல் ஆங்கிலத்தில் எழுத முடியாது. கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தந்துவிடும். அது தப்பு என்று பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அசைன்மென்ட்டை அதில் எழுதிக் கொண்டு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும், காலுறையில் எத்தனை கண்ணி என்று கேட்பேன்.

"இது பொம்பளப் புள்ளைங்க படிக்கிற கோர்ஸ்தானே?"

இல்லை. அடுத்த கேள்வி.

"பி.ஏ.வோட நிறுத்தலாமா, எம்.ஏ., பிஎச்.டி.ன்னு போகணுமா?"

வேலைத் தேர்வுகள்தான் குறி என்றால் பி.ஏ.வோடு நிறுத்தலாம். கல்லூரியில் கற்பிக்க ஆசை என்றால் எம்.ஏ.வில் 55 சதவீதம், அதற்குமேல் நெட் அல்லது செட் என்ற தகுதித் தேர்வு வேண்டும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆராய்ச்சி செய்யலாம். அது கிடைக்காமல் பிஎச்.டி. சேர்ந்தால் வருஷக்கணக்கில் வீட்டைத்தான் நம்பியிருக்க வேண்டும். நிரந்தர இடம் வரும் வரை கௌரவ விரிவுரையாளராகக் காத்திருப்பது எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியும், அதைப் பற்றி எழுத இங்கே இடம் போதாது.

"சரி, நான் சேரலாமா வேண்டாமா?"

ராபர்ட் ஃப்ராஸ்டின் அந்த இரண்டு பாதைக் கவிதையைத் தேடி எடுத்து மூன்று தடவை படியுங்கள். தெரியாத சொல்லுக்கு அகராதி பாருங்கள். மூன்றாவது தடவையில் முதல் தடவை கண்ணில் படாத ஏதாவது ஒன்று பட்டு, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தால் விண்ணப்பம் போடுங்கள். தூக்கம் வந்தால் வேறு துறைகள் நிறைய உண்டு. அரசுக் கல்லூரித் தரவரிசையில் இந்தத் துறைக்கு பிளஸ் டூ ஆங்கில மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள், மற்றப் பாடத்தில் குறைந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம்.

"உங்க பழைய நோட்ஸ் கிடைக்குமா அக்கா?"

நோட்ஸ் எதுவும் மிச்சமில்லை. மழையில் ஓட்டுவீடு ஒழுகிய ஒரு வருஷம் எல்லாம் போச்சு. சிங்கின் நாடகப் புத்தகம் மட்டும் இருக்கிறது, உப்புக்காற்றில் அட்டை உரிந்து நூல் போட்டுத் தைத்தது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், முதல் செமஸ்டரில் எழுதியது, பாதி தப்பு.